ரென்ஸ்கெயின் சன்னச் சத்தம்

ரென்ஸ்கெ வியர்செமாவின் கச்சேரிக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே இருமித் தீர்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று க்ரோனிங்கன் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. கேலிதான், ஆனாலும் பொய்யில்லை. அவள் வாசித்த கிளாவிகார்ட் என்ற வாத்தியம் பார்வைக்கு நீளமான, தட்டையான ஒரு மரப்பெட்டி. மூடியைத் திறந்தால் பியானோவுக்கு இருப்பதுபோல் கட்டைகள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர்கள், குளிர்காலத்தில் அங்கே போய் விரல் விறைக்க வேண்டாம் என்று வீட்டில் வைத்துப் பழகியது. அடுத்த அறையில் இருப்பவருக்கு அதன் சத்தம் கேட்காது. பக்கத்து நாற்காலிக்காரர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினால் வாசிக்கிறவருக்கே கேட்காது.

இதை வாசிக்கிறவள் பூனைபோல நடந்து, கிசுகிசுவென்று பேசுகிறவளாக இருப்பாள் என்றுதான் தோன்றும். ரென்ஸ்கெ அப்படியில்லை. நல்ல உயரம். துடுப்பு மாதிரிக் கைகள். சந்தையின் இந்த முனையில் அவள் சிரித்தால் அந்த முனையில் மீன் விற்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான்.

அவள் பிறந்து வளர்ந்தது டெல்ஃப்ஸைல் துறைமுகத்தில். அப்பாவுக்குக் கப்பல் கொதிகலன் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு, பட்டறைக்கு நேர் மேலே இருந்த அறையில் பியானோ. கீழே ஆட்கள் இரும்பை அடித்துக்கொண்டிருக்க, மேலே தன் வாசிப்பு தன் காதிலாவது விழ வேண்டுமானால் அவளும் அடித்துத்தான் வாசிக்க வேண்டும். அடித்தாள். கொஞ்சம் தணிந்தால் அப்பா படிக்கட்டின் அடியிலிருந்து குரல் கொடுப்பார்.

"என்ன ரென்ஸ்கெ, ஒண்ணும் கேக்கலையே. காய்ச்சலா?"

ஆம்ஸ்டர்டாமில் இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது கூடப் படித்தவர்கள் அவளுக்குக் 'கொதிகலன்' என்றே பெயர் வைத்தார்கள். அவளுக்கு அதில் கோபம் இல்லை. பெரிய பியானோவும் முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து முழங்கும்போது, அத்தனை பேரையும் தாண்டித் தன் பத்து விரல்கள் கேட்கின்றன என்பதில் அவளுக்கு ஒரு மல்யுத்தக்காரனின் சந்தோஷம் இருந்தது. படிப்பு முடிந்த சில வருடங்களிலேயே ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். பத்திரிகைகள் புயல் என்றும் எஃகு என்றும் எழுதின. பியானோவை விட்டு விலக அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. கை வலிக்கவில்லை, மனம் உடையவில்லை. பிறகு பேட்டி எடுக்க வந்தவர்கள் அப்படி ஏதாவது சோகம் இருக்குமென்று தோண்டித் தோண்டிப் பார்த்து ஏமாந்து போனார்கள்.

நடந்தது இதுதான். அறுபத்தெட்டாம் வருடக் குளிர்காலத்தில் மெட்டெவீர் என்ற சின்ன ஊரில் ஒரு பாடகிக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் போனாள். கச்சேரி முடிவதற்குள் பனி கொட்டிப் பாதை மூடிவிட்டது. பாடகியை மருத்துவர் வீட்டிலும் ரென்ஸ்கெயைப் போதகர் வீட்டிலும் தங்க வைத்தார்கள். காலையில் எழுந்தபோது, தன் அறையில் மேசை என்று நினைத்ததன் மேல் அடுக்கியிருந்த படுக்கை விரிப்புகளுக்குக் கீழே ஒரு கீல் தெரிந்தது. துணியை நகர்த்தி மூடியைத் தூக்கினாள். கட்டைகள். உட்கார்ந்து, வழக்கம்போல ஒரு கை நிறைய அழுத்தினாள். தகர டப்பாவில் ஆணியைக் கொட்டியதுபோல் ஒரு கரகரப்பு வந்தது, அதுவும் சுருதி விலகி. சரி, மென்மையாக வாசிப்போம் என்று பயந்து பயந்து தொட்டாள். 'டக்' என்று மரத்தை மரம் தட்டும் ஓசையோடு நின்றுபோனது.

கீழே சமையலறையில் போதகரம்மா ட்ரீன், கறுப்பு ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"மேல இருக்கற பெட்டி கெட்டுப் போயிருக்கா?" என்று ரென்ஸ்கெ கேட்டாள்.

"எந்தப் பெட்டி?"

"துணி அடுக்கி வெச்சிருக்கீங்களே."

"ஓ, இஸ்திரி மேசையா. எங்க மாமனாரோடது. கெட்டெல்லாம் போகல. அது அப்படித்தான்."

"சத்தமே வரலையே."

"வரும்னு அவரு சொல்லுவாரு. நாங்களும் நம்பினோம்." போதகரம்மா காப்பியை ஊற்றினார். "சாயங்காலமானா முன்னாடி உக்காந்துடுவாரு. வாசிக்கிறாரா தூங்கறாரான்னு முதுகைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். ஆனா நீங்க இப்பப் போட்ட சத்தம் இருக்கே, இத்தன வருஷத்துல அந்தப் பெட்டிக்குள்ளேருந்து வந்ததில்ல. பனி பாரத்துல கூரைதான் எறங்குதோன்னு பாத்தேன்."

பாதை திறக்கும்வரை ரென்ஸ்கெக்கு வேறு வேலை இல்லை. துணிகளைக் கட்டிலுக்கு மாற்றினாள். மூடியைக் கழற்றிவிட்டு, கைவிளக்கோடு குனிந்து உள்ளே பார்த்தாள். ஒவ்வொரு கட்டையின் மறுமுனையிலும் ஒரு பித்தளைத் தகடு, சட்டைப் பொத்தான் அகலம்கூட இல்லை. கட்டையை அழுத்தினால் அது எழும்பிக் கம்பியைத் தொடுகிறது. தொட்டதும் விலகிவிடவில்லை. விரல் இருக்கும்வரை கம்பியோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறது.

இது அவளை உலுக்கியது. பியானோவில் சுத்தி பாய்ந்து கம்பியை அடித்துவிட்டுத் திரும்பிவிடும். அதற்கப்புறம் அந்தச் சத்தம் வாசிப்பவருடையது இல்லை. இத்தனை வருடமாக, சத்தம் பிறக்கும் ஒரு கணத்தில் மட்டுமே தனக்கு வேலை இருந்திருக்கிறது என்பதை அவள் முதல் தடவையாக யோசித்தாள். இங்கேயோ கம்பி விரல் நுனியிலேயே இருக்கிறது. அதிகம் அழுத்தினால் சுருதி ஏறுகிறது. தயங்கினால் ஊமையாகிவிடுகிறது. முடிவு செய்து, அளவாக இறங்கி, இறங்கிய இடத்தில் இருந்தால் ஒரு சத்தம் வருகிறது. விரலை லேசாக அசைத்தபோது அந்தச் சத்தமும் அசைந்தது, யாரோ பாடுவதுபோல. கட்டை வாத்தியத்தில் அப்படி ஒன்று நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மறுபடி அசைத்தாள். மறுபடி. போதகரம்மா சாப்பிடக் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

பாதை திறந்ததும், அவளை ரயிலடிக்குக் கொண்டுபோய் விட அடுத்த வீட்டு டெர்க் தன் வண்டியோடு வந்தான். ஊருக்கு வெளியே வாய்க்கால் நீரை இறைத்துக் கடலுக்குள் தள்ளும் நிலையத்தில் எஞ்சின் பார்க்கிறவன், ஊர்ப் பித்தளைக் குழுவில் டியூபா என்ற பெரிய ஊதுவாத்தியம் ஊதுகிறவன். அகலமான ஆள், மெதுவான பேச்சு. அதற்குள் ரென்ஸ்கெ, ஒரு நல்ல இஸ்திரி மேசை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெட்டியைக் கேட்டுவிட்டிருந்தாள். போதகரம்மாவுக்கு இந்தப் பண்டமாற்றில் தான் அவளை ஏமாற்றுவதாகவே பட்டது.

டெர்க் மாடிக்குப் போய்ப் பெட்டியை ஒரே அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தான்.

"இதுக்கா பெரிய வண்டி எடுத்துட்டு வரச் சொன்னீங்க?"

"பாத்து. அது வாத்தியம்."

"டியூபா உறை இதைவிடக் கனம்" என்றான். வழியில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தான். "இதுல என்ன வாசிப்பீங்க?"

"தெரியல. அதைத்தான் பாக்கணும்."

இந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது என்று வெகுகாலம் கழித்துச் சொன்னான். மறு வருடக் கோடையில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ரென்ஸ்கெ மெட்டெவீருக்கே குடிவந்தாள்.

கச்சேரிகளை ஏற்பாடு செய்துகொண்டிருந்த லோடெவைக் என்பவருக்குத்தான் தலைவலி. ஒப்புக்கொண்ட பியானோக் கச்சேரிகளை வாசித்து முடித்தாள். புதிதாக ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

"எத்தன பேரு கேக்க முடியும் இதை?" என்றார் அவர்.

"பக்கத்துல உக்காந்தா, ஒரு வீட்டுக் கூடத்துல அடங்கற அளவு."

"ரென்ஸ்கெ, சாவு வீட்டுக்குக்கூட அதவிட அதிகம் பேரு வருவாங்க."

ஆனாலும் வந்தார்கள். முதலில் பண்ணை வீடுகளில், பிறகு நூலகங்களில், பழைய மாளிகைகளின் சின்ன அறைகளில். கச்சேரிக்கு முன் ரென்ஸ்கெ அந்த வீட்டை ஒரு சுற்று சுற்றுவாள். குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்குவாள். சுவர்க் கடிகாரத்தின் ஊசலைக் கையால் நிறுத்துவாள். கிளிக் கூண்டைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவாள். அப்படியும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பட்டாணி சூப் குடித்துவிட்டு வந்த ஒரு பண்ணைக்காரரின் வயிறு, மெதுவான ஒரு பாட்டு முழுக்க அவளோடு சேர்ந்து வாசித்தது. முடிந்ததும் அவர் முகம் சிவக்க எழுந்து வந்து, "இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம்" என்றார். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. "எது, என்னுதா, உங்களுதா?" என்று ரென்ஸ்கெ கேட்டுச் சிரித்த சிரிப்பில் அறை அதிர்ந்தது.

எல்லாக் கச்சேரிக்கும் டெர்க் வண்டி ஓட்டிக்கொண்டு போவான். முன்வரிசை ஓரத்தில் உட்காருவான். சரியான இடங்களில் மெல்லத் தலையாட்டுவான். அவன் தலையாட்டலைப் பார்த்துத்தான் எங்கே கைதட்டுவது என்று புதியவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு இசைத்தட்டு வந்தது. ஒரு சின்ன நிறுவனம் அவள் வீட்டுக்கே வந்து பதிவு செய்தது. வானொலியில் அடிக்கடி போட்டார்கள், யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது. லோடெவைக் ஓடி வந்தார். உட்ரெக்டில் ஒரு பெரிய அரங்கம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கச்சேரி.

"கேக்காது" என்றாள் ரென்ஸ்கெ.

"அந்த அரங்கத்துல ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்ங்கறாங்க. வேணும்னா வந்து பாரேன்."

அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. எவ்வளவு தூரம் போகும் இந்தச் சத்தம்? காலியான அரங்கத்தில் மேடையில் உட்கார்ந்து சில வரிகள் வாசித்தாள். கடைசி வரிசையில் டெர்க்.

"கேக்குதா?"

டெர்க் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஞாயிறன்று அரங்கம் நிறைந்திருந்தது. ரென்ஸ்கெ வந்து வணங்கி உட்கார்ந்து தொடங்கினாள். முதல் பாட்டின் பாதியில், நடுவரிசைகளில் ஒருவர் எழுந்து நின்றார். கண்ணாடி போட்ட, மரியாதையான மனிதர்.

"மன்னிக்கணும். ஆரம்பிச்சாச்சா?"

அரங்கம் சிரித்துவிட்டது. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார் என்பது புரிந்ததும் இன்னும் சிரித்தது. ஒலிபெருக்கி வைக்கலாம் என்று அரங்கத்துக்காரர்கள் பக்கவாட்டிலிருந்து சைகை காட்டினார்கள். ரென்ஸ்கெ தலையசைத்து மறுத்துவிட்டு, நிகழ்ச்சிநிரலில் இருந்ததையெல்லாம் கடைசிவரை வாசித்தாள். முடியும்போது பாதி நாற்காலிகள் காலி. வெளியே சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வரிசை நின்றது.

ஊர் திரும்பும் வழியில் டெர்க் வண்டி ஓட்டினான். ஸ்வோலெ என்ற ஊரைத் தாண்டியதும் ரென்ஸ்கெ சொன்னாள்.

"காலி அரங்கத்துல கேட்டது, ஆளு நெறைஞ்சா கேக்காதுன்னு நான் யோசிச்சிருக்கணும்."

டெர்க் சாலையைப் பார்த்தபடி, "காலியா இருந்தப்பவும் கேக்கல" என்றான்.

"என்ன?"

"எனக்குக் கேக்கல."

"அப்ப எதுக்குக் கையைத் தூக்கின?"

"எனக்கு எப்பவுமே கேக்காது, ரென்ஸ்கெ. நெலையத்துல எஞ்சினு, ராத்திரி டியூபா. சன்னமான சத்தமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. மத்தவங்களுக்குக் கேக்கும்னு நெனச்சேன்."

"எப்பலேந்து?"

"ஆரம்பத்துலேந்து."

அவள் வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். இறங்கி, காற்றில் கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்து ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"இத்தன வருஷமா முன்வரிசைல உக்காந்து தலையாட்டினியே. எதப் பாத்து?"

"உன் தோளைத்தான். அது எறங்கினா நல்லாப் போகுதுன்னு அர்த்தம். அப்புறம் மத்தவங்க மூஞ்சி. அதுல தெரியும்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ என்னை வீட்டுல விட்டுட்டுப் போயிடுவேன்னு நெனச்சேன்."

அவள் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். இரண்டு மூன்று நாள் டெர்க் தன் ரொட்டிக்குத் தானே வெண்ணெய் தடவிக்கொண்டான். அப்புறம் ஒரு காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது கையைப் பிடித்து இழுத்துவந்து வாத்தியத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இது கேக்குதா?"

"இல்ல. பொய் சொல்லல, இல்ல."

நாற்காலியை நெருக்கினாள். இடது பக்கம் மாற்றினாள். அவன் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டச் சொன்னாள். கீழ்ச்சுரங்களில் ஒன்று அவனுக்குக் கேட்டது. பிறகு அதற்குப் பக்கத்திலிருந்ததும். மேலே போகப் போக ஒன்றுமில்லை.

"இவ்வளவு சின்னதா இருக்கும்னு நெனக்கல" என்றான் அவன், கொஞ்சம் ஏமாந்தவன்போல. ரென்ஸ்கெ சிரித்தாள். சமாதானமும் ஆயிற்று. அன்று முதல் எந்தக் கச்சேரியிலும் அவள் இடக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கும், பக்கம் புரட்டுகிறவர் என்ற பெயரில். பக்கத்தை அவளே புரட்டிக்கொள்வாள்.

ஆனால் உட்ரெக்டில் எழுந்து நின்ற மனிதர் அவள் மனத்தை விட்டுப் போகவில்லை. இசைத்தட்டு வாங்கி, அதன் மேல் ஆசைப்பட்டு, சீட்டு வாங்கி வந்தவர். அவர் வீட்டில் அப்படி எதைத்தான் கேட்டிருப்பார்? அரங்கத்துக்காரர்களிடம் விசாரித்தாள். ஹெங்கெவெல்ட் என்று பெயர், ஆமர்ஸ்ஃபோர்ட்டில் பல் மருத்துவர். தொலைபேசியில் கூப்பிட்டு, "நீங்க கேக்கற மாதிரி என் தட்டை நான் ஒரு தடவை கேக்கணும்" என்றாள். அவர் முதலில் தன்னைத் திட்டத்தான் கூப்பிட்டாள் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார்.

ரென்ஸ்கெ போனாள். ஹெங்கெவெல்ட் காப்பியும் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினார். இசைத்தட்டைப் போட்டு, குமிழை வழக்கமான இடத்துக்குத் திருப்பினார். வீடே அதிர்ந்தது. பித்தளையில் செய்த பெரிய கிதார் ஒன்றை யாரோ ஒரு கிணற்றுக்குள் வாசிப்பதுபோல் இருந்தது. ரென்ஸ்கெ நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரோ எழுந்து சமையலறைக்குப் போய், வெங்காயம் நறுக்கிக்கொண்டே கூடவே முணுமுணுத்தார். ஒரு சுரம்கூடத் தவறவில்லை. விரலின் ஒவ்வொரு அசைவும் அவருக்கு மனப்பாடம்.

'இந்த ஆளுக்கு இது தெரியாதென்று எப்படிச் சொல்வது' என்று ரென்ஸ்கெ நினைத்தாள்.

தட்டு முடிந்ததும் கேட்டாள். "ஒரு தடவை குறைச்சு வெச்சுப் பாப்போமா?"

அவள் குமிழைத் திருப்பிக்கொண்டே போனாள். அவர் பதற்றமாகப் பார்த்தார்.

"நின்னு போச்சே."

"இல்ல. உக்காருங்க."

இருவரும் உட்கார்ந்தார்கள். தெருவில் ஒரு குழந்தை வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போனது. எங்கோ குழாய் சொட்டியது. ஹெங்கெவெல்ட் போய் அதை இறுக்கிவிட்டு வந்தார். பிறகு தன் மூச்சே தடையாக இருப்பதுபோல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். ஒலிபெருக்கியை நோக்கி நாற்காலியோடு நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். தட்டின் அந்தப் பக்கம் தீரும்வரை அப்படியே இருந்தார்.

"இது வேற தட்டு" என்றார் கடைசியில். "ரெண்டும் எனக்கு வேணும். வெங்காயம் நறுக்கறப்ப அது, மத்த நேரம் இது."

ரென்ஸ்கெக்கு இந்தப் பதில் திரும்பும் வழியெல்லாம் இனித்தது. அவளுடைய அடுத்த இசைத்தட்டின் உறையில், 'கெட்டுப்போய்விட்டது என்று தோன்றும்வரை சத்தத்தைக் குறைக்கவும். பிறகு காத்திருக்கவும்' என்று அச்சிட்டிருந்தது. உட்ரெக்டுக்கும் மறுபடி போனாள். அன்று ஏமாந்து போனவர்களில் விரும்பியவர்களை, சிறு சிறு கூட்டமாக அதே மேடையின் மேல் தன்னைச் சுற்றி உட்கார வைத்து, வெவ்வேறு நாட்களில் வாசித்தாள். நாற்காலி வரிசைகள் எதிரே இருட்டில் காலியாகக் கிடந்தன. அந்த ஏற்பாடு பரவியது. பெர்லினிலிருந்தும் பேஸலிலிருந்தும் கூப்பிட்டவர்கள், பெரிய அரங்கம் இருக்கிறது, மேடையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். லோடெவைக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, வயதான காலத்தில் தானும் மேடையில் ஓர் இடம் பிடித்து உட்காரத் தொடங்கினார்.

அவள் ஐம்பதைத் தொடும்போது மெட்டெவீர் பித்தளைக் குழுவில் பெரிய முரசு அடிப்பவர் பனிச்சறுக்கில் காலை ஒடித்துக்கொண்டார். ராணியின் பிறந்தநாள் ஊர்வலம் நெருங்கிவிட்டது. டெர்க் சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிப் புலம்பினான்.

"நான் அடிக்கிறேன்" என்றாள் ரென்ஸ்கெ.

"நீயா?"

"ஏன், எனக்கு அடிக்கத் தெரியாதுங்கறியா?"

ஊர்வலத்தன்று அவள் அடித்த அடியில் தேவாலய முற்றத்துப் புறாக்கள் மாலைவரை திரும்பி வரவில்லை. கால் சரியான பிறகும் அந்த மனிதருக்கு முரசு திரும்பக் கிடைக்கவில்லை. நகரத்துப் பத்திரிகைக்காரி ஒருத்தி இதைக் கேள்விப்பட்டு வந்து, இது முரண்பாடு இல்லையா என்று கேட்டாள்.

"அடிக்க விடறாங்க. நான் எதுக்கு அதை விட்டுடணும்?" என்றாள் ரென்ஸ்கெ. அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

எழுபது தாண்டியும் அவள் பயணங்களை நிறுத்தவில்லை. போர்த்துகலில் ஒரு பழைய கன்னிமாடத்தின் பரணிலிருந்து சின்ன கிளாவிகார்ட் ஒன்று கிடைத்திருக்கிறது, பழுது பார்த்துவிட்டோம், வந்து வாசித்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். டெர்க்கையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் கடற்கரையில் வறுத்த மத்தி மீனோடு உட்கார்ந்துவிட்டான். அவள் அந்தக் குட்டிப் பெட்டிக்கு முன் உட்கார்ந்தாள். மடியில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. கன்னியர் தம் அறையில் தனியாக வாசித்தது. பெட்டியைச் சின்னதாக்குவதற்காகக் கீழ்ச்சுரங்களை இடம் மாற்றி, வேறு கட்டைகளுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். பழக்கத்தில் ஒரு சுரத்துக்குப் போன அவளுடைய இடது கை, வேறொரு சுரத்தை எழுப்பியது. அதிர்ந்து கையை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே தவறான சுரம், ஆனால் அழகாக.

"சரியா வருதா?" என்று பழுது பார்த்தவர் கவலையோடு கேட்டார்.

"இல்ல" என்றாள் ரென்ஸ்கெ. "ஒண்ணுமே சரியா வரல." நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கதவை மட்டும் கொஞ்சம் சாத்திட்டுப் போறீங்களா?"